மீன் இல்லாத தட்டு

சுனாமிக்கு அடுத்த ஆண்டு போர்ட் பிளேர் மருத்துவமனையில் நான் உணவியலாளராக இருந்தேன். நிக்கோபாரின் கட்சால் தீவிலிருந்து வந்த ராசம்மாக்காவுக்கு ஸ்டவ் வெடித்து இரண்டு கைகளும் வெந்திருந்தன. புதுத்தோல் வளரப் புரதம் வேண்டும் என்று தினமும் மீன் எழுதிக் கொடுத்தேன். தட்டு அப்படியே திரும்பி வந்தது.

“பத்தியமாக்கா? சாப்பிடாம கெடந்தா புண்ணு ஆறாது” என்று கடிந்தேன்.

“பத்தியமில்ல மேடம். சுனாமில போன எம் புள்ள இன்னும் கடல்லதான் கெடக்கான். அந்தக் கடல் மீன எப்புடித் திங்கிறது?”

உணவுச் சீட்டில் மீனை அடித்துவிட்டு முட்டையும் பருப்பும் எழுதினேன். கைக்கட்டு அவிழும்வரை நானே ஊட்டினேன். தோல் மெல்ல மூடியது.

ஊர் திரும்பக் கப்பலேறும் நாளில், “கை ஆறிருச்சு மேடம். இனி இந்தக் கையால யாருக்கு ஊட்டுறது?” என்றார்.

இன்றும் நோயாளியிடம் கேட்காமல் மீன் என்று எழுத என் கை வருவதில்லை.