வெள்ளைக் கவுனின் முதுகுத் திறப்பு

பனியன் கம்பெனியில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஓவர்லாக் மெஷினில் அமர்ந்திருந்த எனக்கு, ஓர் உடுப்பை முதல் தையலிலிருந்து கடைசித் தையல் வரை நானே தைக்கும் வாய்ப்பு ஒருநாளும் அமைந்ததில்லை. தோளை ஒருவர் இணைப்பார். கழுத்தை மற்றொருவர் முடிப்பார். பக்கவாட்டுத் தையல் மட்டுமே என் பங்கு. பணியிலிருந்து நின்ற பிறகு, பல்லடம் சாலையில் பழைய பேப்பர் கடை ஒன்றில் ஒரு கட்டுக் காக்கித்தாள் கண்ணில் பட்டது. யாரோ ஒரு தையல் ஆசிரியை பல்லாண்டுகளுக்கு முன் வெட்டிவைத்த கவுன் பேட்டர்ன்கள், துணிமேல் வைத்து வெட்டும் அளவுத்தாள்கள் அவை. ஒவ்வொன்றிலும் குழந்தையின் வயதும் மார்பளவும் அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன.

அவற்றை வைத்து, கம்பெனிகளில் மிஞ்சும் பனியன் துணியில், அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே கவுன்கள் தைத்துப் பழகினேன். கிழிந்திருந்த தாள்களை முதலில் டேப் போட்டு ஒட்டிச் சீராக்கினேன். ஒரு பேட்டர்னின் முதுகுப் பகுதியில், கழுத்திலிருந்து நடுவே ஒரு சாண் நீளத்திற்குத் தாள் பிளந்திருந்தது. அதையும் ஒட்டினேன்.

பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பெண் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். என்னை அக்கா என்றே அழைப்பார். ஒருநாள் வெண்பட்டுச் சேலை ஒன்றை என் மடியில் வைத்தார்.

"எங் கல்யாணச் சேல, அக்கா. வார ஞாயித்துக்கெழம பிள்ளைக்குப் புதுநன்ம. இதுலயே ஒரு கவுன் தச்சுத் தாங்க."

புதுநன்மை என்பது அவர்கள் தேவாலயத்தில் பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை பெறும் நாள். சேலை மடிப்புகளில் இற்றுப்போயிருந்தது. தேறிய பகுதி ஒரே ஒரு கவுனுக்குத்தான் காணும்.

"பட்டுல கத்திரி வெக்கறதுக்குப் பயமா இருக்குதுங்க கண்ணு," என்றேன்.

"பேட்டர்ன் இருக்குல்லா, பொறவென்ன?"

சிறுமியின் வயதுக்குரிய பேட்டர்னை வைத்து ஐந்து நாள் பொறுமையாகத் தைத்தேன். சனிக்கிழமை காலை அளவு பார்க்கச் சிறுமியை அழைத்து, கவுனைத் தலைவழியே மாட்டினேன். கைகள் நுழைந்தன, தலை நுழையவில்லை.

"பெரியம்மா, மூச்சு முட்டுது!" என்று பட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆடாதட்டி, சேல கிழிஞ்சிரும்!" என்றார் தாய்.

"எம் மூக்கு கிழியுது, ஒனக்குச் சேல முக்கியமா?"

ஒருவாறு கவுனைக் கழற்றிய பின் பேட்டர்னை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டேப்பின் அடியில் இருந்த பிளவு நேர்க்கோடாக இருந்தது. அது கிழிசலன்று, கத்திரியால் வெட்டப்பட்டது. தலை நுழைவதற்காக அந்த ஆசிரியை விட்டிருந்த திறப்பு. இழுத்தால் விரியும் பனியன் துணியிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு, கழுத்துக்குத் திறப்பு வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. பட்டு விரிந்து கொடுக்காது.

"தப்பு என்னோடதுங்க. வேணும்னே வெட்டியிருந்ததக் கிழிசல்னு நெனச்சு ஒட்டிப்போட்டேன்."

அவர் கவுனை வாங்கி முதுகுப் பக்கத்தைத் திருப்பினார். வேறு சேலை இல்லை. மறுநாள் காலை பூசை. என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வதென்று தலை குனிந்து நின்றேன்.

"பனியன் தச்ச கையில்லா, அதான். எனக்கும் தோணிருக்காது," என்றார். "எங்க வெட்டணும்? கோடு போடுங்க."

கோடு போட்டேன். கத்திரியை எடுத்தும் பட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் அதை வாங்கி, நெற்றியில் சிலுவைக் குறியிட்டு, தம் கல்யாணச் சேலையைத் தாமே வெட்டினார்.

"அம்மா, கோணலா போவுது!"

"வாய மூடுட்டி."

வெட்டிய ஓரத்தில் பட்டு இழை இழையாகப் பிரியத் தொடங்கியது. கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் நொடியில் மூடிவிடும் பிசிறு அது. வீட்டில் அந்த மெஷின் இல்லை. மிஞ்சிய துண்டுகளில் குறுக்குவாக்கில் நாடா வெட்டி, ஓரத்தைச் சுற்றிக் கையூசியால் தைத்து, நான்கு முத்துப் பொத்தான்கள் வைத்து முடிக்க மாலையாயிற்று.

ஞாயிறன்று நான் கடைசி வரிசையில் அமர்ந்தேன். பிள்ளைகள் பீடத்தை நோக்கி நடந்தபோது அவர்கள் முதுகுகளே எங்களுக்குத் தெரிந்தன. பாட்டும் பூசையும் என் காதில் விழவில்லை; அந்த நான்கு பொத்தான்களையே பார்த்திருந்தேன். சிறுமி மண்டியிட்டபோது துணி இறுகியது. என் விரல்கள் பெஞ்சின் விளிம்பைப் பற்றின. பொத்தான்கள் தாங்கின.

வெளியே வந்ததும் ஒரு பெண்மணி கவுனைத் தடவிப் பார்த்து, "முதுகு வேலப்பாடு நல்லாருக்கே, யாரு தச்சது?" என்று கேட்டார்.

"தச்சது எங்கக்கா. வெட்டுனது நான்," என்றார் தாய்.

நடந்த பிழையைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாள்தோறும் பார்த்துக்கொள்ளும் எங்களிடையே நன்றி என்ற சொல் வாயில் வருவதில்லை. ஆகவே அந்த நன்றியை இங்கே எழுதிவைக்கிறேன்.