நாலு பத்துக்கு வந்த கார்

பக்கத்து வீட்டு முனிரத்தினம் அண்ணன் இறந்துவிட்டார் என்று சொல்ல ஆள் வந்தபோது, என் நோட்டில் அவர் வீடு திரும்பி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. "வந்தது 4.10" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

முருகனுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்க்கிற ஒருவர் வாசலில் நின்று, "அக்கா, செவப்பு கார் தாத்தா இந்தத் தெருதானே? பாலகாட் சயனைட் மேட்டாண்ட ஸ்டீரிங் மேல தலைய வச்சினு கீறாரு. உடம்பு சில்லுனு கீது" என்றார். சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த மேட்டைச் சொன்னார்.

"வேற யாராவது இருக்கும். எங்க அண்ணன் அப்பவே வந்துட்டாரே."

"அந்த மாதிரி காரு ஊர்ல இன்னொண்ணு கீதா இன்னா?"

பக்கத்து ஷெட்டின் தகரக் கதவை இழுத்துப் பார்த்தேன். கார் இல்லை. டயர் ஈரம்கூட இல்லாமல் தரை காய்ந்து கிடந்தது.

தங்கச் சுரங்கத்தில் அவரோடு ஷிப்டு பார்த்த நண்பர்களே, அவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? அந்தக் காரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது போன நேரமும் வந்த நேரமும் என் பொறுப்பில் இருந்தன.

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் இத்தாலியில் செய்த வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம். பின்பக்கம் படகு மூக்கு மாதிரி குவிந்திருக்கும். சுரங்கத்தின் வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் ஊருக்குப் போகும்போது தன் டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. அந்த டிரைவர் அண்ணனின் அப்பா. உடைந்த பாகங்களை அண்ணன் தானே லேத்தில் கடைந்து போடுவார். அதன் சத்தம், தையல் மிஷினை யாரோ கோபமாக மிதிப்பதுபோல் இருக்கும். அணைத்த பிறகும் இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் அடங்கும். "வயசாச்சு தங்கச்சி, அதுக்கும் மைன்ஸ் தூசு புடிச்சிக்கிச்சு" என்பார்.

உங்களுக்குத் தெரிந்ததுதான்: சுரங்கத்தில் இறங்குகிறவர் தன் எண் போட்ட பித்தளை டோக்கனை மேலே பலகையில் மாட்டிவிட்டுப் போவார். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார். ஷிப்டு முடிந்தும் டோக்கன் தொங்கினால், ஆள் கீழேயே இருக்கிறார் என்று தேடப் போவார்கள். சுரங்கம் மூடிய பிறகும் அண்ணன் அந்தப் பழக்கத்தை விடவில்லை. காரை எடுக்குமுன் எங்கள் வாசல் ஆணியில் தன் டோக்கனை மாட்டுவார். வீட்டுக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் நான் நேரத்தைக் குறித்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் சிரிப்பார். "மளிகைக் கடைக்குப் போறதுக்கு இன்னா மச்சான் டோக்கன்?"

"கீழ போனாலும் போறதுதான், வெளிய போனாலும் போறதுதான் மாப்ளே. எண்ணிப் பாக்க மேல ஒரு ஆள் வேணும்."

ஒருமுறை காரின் சத்தம் கேட்டதுமே நான் டோக்கனைக் கழற்றி எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். அவர் முகம் மாறிவிட்டது. வாங்க மறுத்தார். திரும்ப மாட்டச் சொல்லி, பிறகு தானே எடுத்துக்கொண்டார். "சத்தம் கேட்டுச்சுன்னு எடுக்காதம்மா. ஆளைப் பாரு. நான் கை நீட்டினாதான் குடு" என்றார்.

ஏன் என்று கேட்டேன். பானெட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நானும் என் தம்பியும் ஒரே ஷிப்டு. கேஜ் லிஃப்ட்ல மேல ஏறி வரோம், நெரிசல், இருட்டு. எனக்குப் பின்னால அவன் இருமினான். அவன் இருமல் எனக்குத் தெரியாதா? அன்னிக்கு மாரியம்மன் திருவிழா, அவசரம். மேல வந்ததும் அவன் டோக்கனையும் நானே எடுத்துனு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து காத்துனு கீறேன், அவன் வரல. பலகையில டோக்கன் இல்ல, அதனால யாரும் தேடல. அடுத்த ஷிப்டுக்காரங்கதான் கல்லுக்கு அடியில பார்த்தாங்க. அவன் அந்த கேஜ்ல ஏறவே இல்லம்மா."

"அப்ப இருமினது யாருண்ணா?"

"அதத்தான் நானும் கேட்டுனு கீறேன்."

கடைசி நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டோக்கனை மாட்டினார். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தார். பாலகாட் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

"அஞ்சுக்குள்ள வந்துடுங்கண்ணா."

"வரலன்னா ஆளை அனுப்பு."

மழை தூறத் தொடங்கியது. உள்ளே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தையல் மிஷின் சத்தம் தெருமுனையில் திரும்பியது. தகரக் கதவு தரையில் உரசியது. இரண்டு இருமல். டோக்கன் மழையில் நனைகிறதே என்று கழற்றித் துடைத்து உள்ளே வைத்தேன். மணி பார்த்து எழுதினேன். ஆளைப் பார்க்கவில்லை.

கார் மூன்று மணியிலிருந்தே அங்கே நின்றதாக ஆட்டுக்காரர் சொன்னார். யாரோ இளைப்பாறுகிறார் என்று முதலில் நினைத்தாராம்.

அண்ணனின் மகள் மல்லிகா பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவள். காரியம் முடிந்த மறுநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, அஞ்சு மணிக்குத் தேடியிருந்தா?"

"உசுரு உடனே போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரும்மா."

"அது எனக்கும் தெரியும். நீங்க சொல்லுங்க."

முருகன் முன்னால் தினமும் அதே கேள்வியைத்தான் வைக்கிறேன். மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தச் சத்தத்தை நான் கேட்டிருந்தாலும் டோக்கனை எடுத்திருப்பேன் அத்தை" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கார் போன வாரம் லாரியில் ஏறி பெங்களூருக்குப் போய்விட்டது. வாங்கியவர் நன்றாக வைத்துக்கொள்வார் என்கிறார்கள். டோக்கனை மட்டும் மல்லிகாவிடம் கேட்டு நானே வைத்துக்கொண்டேன். நோட்டில் "வந்தது 4.10" என்பதை அடித்துவிட்டேன். போன நேரம் அப்படியே இருக்கிறது. வந்த நேரத்தின் இடம் காலி. டோக்கன் பழைய ஆணியிலேயே தொங்குகிறது.

நேற்று மாலை மழை தூறியது. தெருமுனையில் தையல் மிஷின் சத்தம் திரும்பியது. காலி ஷெட்டின் தகரம் உரசியது. இரண்டு இருமல். கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் ஆணியின் பக்கத்தில் நின்றேன். மழை விடும்வரை நின்றேன். டோக்கனைத் தொடவில்லை.

அண்ணா, வந்திருந்தால் கை நீட்டுங்கள்.