அந்தக் காலை நான் தொடவில்லை

இருபது வருடங்களாக ராயபுரத்தில் எங்கள் பங்குக் கோயிலில், ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்து வருகிறேன். தவக்காலம் வந்தால் பெரிய வியாழன் பாடம். ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவியதைச் சொல்லும்போது என் குரல் தானாகக் குழைந்துவிடும். பெற்றோர்கள் வாசலில் நின்று கேட்பார்கள்.

அந்தக் குரல் வீட்டுக்குள் எனக்கு உதவவில்லை.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறு வருடமே இடது காலில் சர்க்கரைப் புண் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டு, தினமும் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் நாள் கட்டைப் பிரித்தேன். வாடை முகத்தில் அடித்தது. குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள். காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. பூசைக்கு வந்தால் கடைசி வரிசையில் நிற்பாள்.

"இன்னாக்கா ஆச்சு?" என்றாள். சொன்னேன்.

"எங்கம்மாவுக்கும் இதே புண்ணுதான். நான்தான் பாத்தேன். நீ போயி ஒலயப் பாரு."

முழங்கை வரை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். தரையில் உட்கார்ந்து அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, எரிஞ்சா வாய்வுட்டுச் சொல்லு. பல்லக் கடிச்சிகினு குந்தாத."

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

ஏழு மாதம் ஒரு நாள் தவறாமல் வந்தாள். நான் சமைத்தேன், மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், ஜெபமாலை சொன்னேன். அவள் வருகிற நேரத்தில் அடுப்படியை விட்டு நகரமாட்டேன்.

அந்தத் தவக்காலத்தில் பாடத்தின் நடுவே ஒரு சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், நீங்க யார் காலயாவது கழுவியிருக்கீங்களா?"

கேலியில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "பாடத்தைக் கவனி" என்று உட்கார வைத்தேன்.

அன்று மதியம், பக்கத்து வீட்டுக்காரி வருவதற்கு முன்பே பேசினில் வெந்நீர் எடுத்துப்போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு கட்டைப் பிரித்தேன். கடைசிச் சுற்று வரும்போது நிமிர்ந்தால், அவர் காலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வுடு. அந்தப் பொண்ணு வரட்டும்" என்று காலைத் தானே மெல்ல இழுத்துக்கொண்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மழைக்காலத்தில் புண் மேலே ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அவளிடம் சொன்னேன், "நான் ஒரு நாள்கூடத் தொடலியே."

"நீ சோறு போட்ட, நான் காலப் பாத்தேன். ஒரு ஆளுக்கு ரெண்டுந்தான வேணும்? அழுவாதக்கா."

அவள் மனசாரச் சொன்னாள். எனக்குத்தான் ஆறவில்லை.

மறுவருடம் பாடத்துக்கு வந்து பிள்ளைகளிடம் பேசச் சொல்லி அவளைக் கூப்பிட்டேன். "எனுக்கு விசுவாசப் பிரமாணமே பாதிதான் வரும், நான் இன்னாத்த பேசறது?" என்று மறுத்துவிட்டாள். நானே சொன்னேன். அவளைப் பற்றிச் சொன்னேன், என் முகத்தைப் பற்றியும் சொன்னேன். புண், சீழ் என்றெல்லாம் பிள்ளைகளிடம் பேசுவதா என்று ஒரு தாய் பங்குச் சாமியாரிடம் முறையிட்டாள். அவர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார், முழுக்கக் கேட்டார், நிறுத்தச் சொல்லவில்லை.

அவர் காலைப் பார்த்தவள் இப்போது திருவொற்றியூரில் மகளோடு இருக்கிறாள். மூச்சிரைப்பு, வேலைக்குப் போவதில்லை. மாதம் ஒருமுறை ரயிலேறிப் போய்ப் பார்க்கிறேன். பேச்சு என் கணவரிடம்தான் போய் நிற்கும். கட்டுப் போடும்போது துறைமுகத்துக் கதைகள் சொல்வாராம். முதன்முதலாகக் கிரேன் ஏறியபோது பயந்து அழுததைக்கூடச் சொல்லியிருக்கிறார். முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்த என்னிடம் அவர் அதைச் சொன்னதில்லை. அவள் சொல்லிக்கொண்டே போவாள். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.