வாய்தாவுக்குப் போன விடுப்பு

விவாகரத்து வழக்கு நடந்த ஆண்டுகளில் நான் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். செம்பாக்கத்தில் வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். வாய்தா என்றால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். கணவர் வரமாட்டார், அல்லது அவருடைய வக்கீல் வரமாட்டார். பள்ளியில் தந்த விடுப்பெல்லாம் அதிலேயே தீர்ந்தது.

விரல்கள் அப்போதே வலிக்கத் தொடங்கியிருந்தன. காலையில் மடங்கிய கை லேசில் விரியாது. வெந்நீரில் முக்கிவிட்டுக் கிளம்புவேன். தூக்கம் இல்லாததால் என்று நினைத்தேன். தீர்ப்பு வந்தால் இதுவும் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன்.

தீர்ப்பு வந்தது. கை சரியாகவில்லை. ஒரு காலை கேம்ப் ரோடு சிக்னலில் ஸ்கூட்டியின் பிரேக்கை அழுத்த முடியாமல் முன்னால் நின்ற ஆட்டோவில் இடித்தேன். திட்டுவதற்காக இறங்கிவந்த ஆட்டோக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இப்டி வீங்கிக்கீது? டாக்டராண்ட காட்னியா இல்லியா?" என்றார்.

அன்று சாயங்காலம் போனேன். முடக்குவாதம் என்றார் டாக்டரம்மா.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"மூணு வருஷம் இருக்கும் மேடம்."

"அப்பவே வந்திருந்தா விரல் இவ்வளவு வளைஞ்சிருக்காதேம்மா."

"லீவு இல்ல மேடம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மாத்திரை எழுதித் தந்தார்.

வேலையை விட்டுவிட்டுப் பொழிச்சலூரில் தன் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னார் அண்ணன். "உனக்குன்னு ஒரு ரூம் இருக்கும்மா, ரெஸ்ட் எடு." பாசத்தோடுதான் சொன்னார். எனக்கு நாற்பத்து மூன்று வயது. அந்த அறையில் மீதி வருடங்களை என்ன செய்வது என்று யோசித்தபோது, கோர்ட் வாசலில்கூட வராத பயம் வந்தது.

"வேணாம்ணா. வேலை செய்ய முடியுற வரைக்கும் செய்யறேன்" என்றேன்.

பள்ளி முதல்வரிடம் இரண்டு விஷயங்கள் கேட்டேன். வகுப்புகள் தரைத்தளத்தில் வேண்டும். சேலைக்குப் பதில் சுடிதார் போட அனுமதி வேண்டும். மாடிப்படி பிரச்சினை அவருக்கு உடனே புரிந்தது. கொசுவம் மடிக்க விரல்கள் வேண்டும் என்பதைத்தான் விளக்க வேண்டியிருந்தது. "மத்த டீச்சர்ஸும் கேப்பாங்களே" என்றார். கையை அவருடைய மேசைமேல் வைத்தேன். சம்மதித்தார்.

மாத்திரை கேட்கத் தொடங்கவே சில மாதங்கள் பிடித்தன. வீக்கம் வடிந்தது; இரண்டு விரல்கள் வளைந்தது வளைந்ததுதான். ஸ்கூட்டியை விற்றுவிட்டு ஷேர் ஆட்டோவில் போகிறேன். வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கைச் சொல்கிறேன். பிள்ளைகள் முறைபோட்டுப் போர்டில் எழுதுகிறார்கள். தப்பாக எழுதினால் வகுப்பே கத்துகிறது. பாடம் முன்பைவிட மெதுவாகத்தான் நகர்கிறது.