நாலு மணி நேரம் என்றால் நாலு மணி நேரம்

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டு யோகேஸ்வரி மறுபடியும் தொட்டிக்குள் குனிகிறார். உள்சுவரில் வரைந்திருக்கும் அளவுக்கோடுகளை இரண்டு முறை பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. தண்ணீர் நிற்கும் கோட்டுக்கு ஒரு கோடு கீழே இருப்பதாகவே கணக்கு வைத்துக்கொண்டு, சோழபுரம் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் பேசுகிறார்: "இன்னைக்கு பம்புசெட்டுக்கு மூணு மணி நேரம். பத்துல இருந்து ஒண்ணு."

சேத்தூருக்கு மேற்கே, மலையோடையை இந்தத் தொட்டியில் தேக்கி மின்சாரம் எடுக்கும் சின்னஞ்சிறு தனியார் நிலையம் அது. அங்கிருந்து இரண்டு லைன்கள் கிளம்புகின்றன: ஒன்று வயல்களுக்கு, மற்றொன்று முதலாளியின் பேண்டேஜ் துணித் தறிகளுக்கு. எதற்கு எவ்வளவு என்று பங்கு போடுவது இருபது வருடமாக யோகேஸ்வரி. இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருப்பார். கேட்டால், "ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு காட்டிக்குடுத்துரும்லா" என்பார்.

போன வருடம் ஒருமுறை, நாளை கனமழை என்று போன் சொன்னதை நம்பித் தொட்டியை ஒரே நாளில் காலி செய்துவிட்டார். ஆறு நாள் பொட்டு மழை இல்லை. சோழபுரம் வேல்பாண்டியின் நெல் பதராகிப் போனது. அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் யோகேஸ்வரிக்கு இன்றுவரை ஆறவில்லை.

இந்த ஐப்பசியிலும் மழை தள்ளிப்போனது. நெல் பால் பிடிக்கும் நேரம். ஐந்து நாளைக்குத் தினமும் பத்திலிருந்து இரண்டு வரை நாலு மணி நேரம் என்று யோகேஸ்வரி அறிவித்த அன்றே வேல்பாண்டி பைக்கில் வந்து இறங்கினான்.

"யக்கா, மலை மேல மோடம் கருகருன்னு நிக்கு. ஆறு மணி நேரம் வுட்டாத்தான் என்ன? தண்ணிய பொட்டியில வச்சுப் பூட்டியிருக்கியளோ?"

"ஏலே, மோடத்த வச்சு மெஷின் ஓட்டவா? தொட்டியில கெடக்கதுதான் கணக்கு. அஞ்சு நாளும் நாலு மணி நேரம். அதுல அஞ்சு நிமிசம் கொறஞ்சா வந்து கேளு."

"கேக்கத்தான் செய்வேன்."

மேகம் கலைந்துபோனது. ஓடையும் மெலிந்தது. ஐந்தாம் நாள் பன்னிரண்டரைக்குத் தண்ணீர் கடைசிக் கோட்டைத் தொட்டது. இரண்டு லைனும் ஓடினால் அரை மணி நேரம். வயல் லைன் மட்டும் ஓடினால் இரண்டு மணி வரை தாங்கும். தட்டுப்பாடு வந்தால் தறி லைனைத்தான் முதலில் நிறுத்த வேண்டும் என்று விவசாயிகளோடு போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. முதலாளியின் தறியை நிறுத்த இதுவரை யாரும் துணிந்ததில்லை.

"பம்புசெட்ட நிறுத்திருங்க மேடம். நாளைக்குச் சேத்துக் குடுத்துக்கிடலாம்" என்றார் மேனேஜர் ராம்கி.

"நாளைக்கு தண்ணி எங்க இருக்கு சார்?"

"மொதலாளி கேட்டா நான் என்ன சொல்ல?"

"யோகேஸ்வரி நிறுத்திட்டான்னு சொல்லுங்க. பேரைச் சேத்தே சொல்லுங்க."

தறி லைன் அணைந்தது. மெஷினின் இரைச்சல் தணிந்தது. சற்று நேரத்தில் முதலாளியின் எண்ணிலிருந்து யோகேஸ்வரிக்கே போன் வந்தது. ஒருமுறை, இருமுறை, ஐந்துமுறை. மீட்டரை விட்டு அவர் கண்ணெடுக்கவில்லை.

சரியாக இரண்டு மணிக்கு வயல் லைனையும் நிறுத்தினார். "நாலு மணி நேரம் முடிஞ்சிட்டு" என்று குழுவில் பேசி அனுப்பினார். எழுந்து சேலைக் கொசுவத்தை நீவிவிட்டுக்கொண்டு, முதலாளியின் எண்ணைத் தானே அழுத்தினார்.