கட்டிப்போட்ட ஆறு சிலிண்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை 5.50. நான் முதலில் பார்த்தது இரண்டு கால்களை.

வேட்டியை மடித்துக் கட்டிய கால்கள். ஒரு கருநீலக் காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. காரோ, சிக்னலில் நின்றால் பக்கத்து பஸ்ஸில் இருப்பவர்கள் செல்போனை எடுக்கிற ரகம். கால்கள் அந்தக் காரின் சொந்தக்காரருடையவை.

"வந்துட்டீங்களா ரிப்போர்ட்டருங்க? அந்தப் பெரிய ஸ்பேனரை இப்படி நீட்டுங்க" என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

நான் பத்திரிகை வேலையை விட்டுப் பல வருடம் ஆகிறது. காருக்கு அடியில் கிடந்த சாமியப்பனுக்கு மட்டும் நான் இன்னும் ரிப்போர்ட்டர்தான். கோயமுத்தூரில், கணபதி பகுதியில் அவருக்கு மோட்டார் கம்பெனி. போர்வெல்லுக்குள் இறக்குகிற எலெக்ட்ரிக் மோட்டார்கள். அந்த ஷெட்டில்தான் இந்தக் காட்சி. ஞாயிறு என்பதால் ஆட்களுக்கு லீவு. முதலாளிக்கு லீவு கிடையாது.

இரண்டு கதவு கார் எதற்கு இவருக்கு? ஊரே கேட்டது. "பாதி வண்டிக்கு முழு ரேட்டுங்களா?" என்று பங்காளி ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டாராம்.

பதில், அவர் மனைவி பூங்கொடி.

அவருக்கு உள்காதில் ஒரு கோளாறு. லேசான ஆட்டம் போதும், தலை சுற்ற ஆரம்பித்துவிடும். விமானம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரயிலின் தாலாட்டு ஆகாது. வீட்டிலிருந்த உயரமான பெரிய கார் வளைவில் சாயும், பிரேக் போட்டால் குனியும். பெங்களூரில் இருக்கும் மகள் நிவேதாவைப் பார்க்க ஒருமுறை அதில் கிளம்பினார்கள். பூங்கொடி அவிநாசியிலேயே இறங்கிவிட்டார். திரும்பி வர ஆட்டோ கேட்டாராம்... ஆட்டோ!

அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் இந்தக் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டார்கள். மரியாதைக்காக ஏறி உட்கார்ந்தார் பூங்கொடி. பெருந்துறை வரை போய்த் திரும்பினார்கள். வீட்டு வாசலில் நின்றதும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "அதுக்குள்ள வந்துட்டமுங்களா?"

அன்று சாயங்காலமே வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

நானும் அதை சேலம் ரோட்டில் ஓட்டியிருக்கிறேன். சும்மா சொல்லக்கூடாது. நீண்ட பானட், குட்டையான பின்புறம், தரையை ஒட்டிய இருக்கை. பானட்டுக்குக் கீழே ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில். இதில் என்ன விசேஷம்? ஆறு பிஸ்டன்களும் மூன்று ஜோடிகளாக ஏறி இறங்குகின்றன. ஒரு ஜோடி கிளப்புகிற உதறலை மற்ற இரண்டு ஜோடிகளும் சேர்ந்து அழித்துவிடுகின்றன. நான்கு சிலிண்டர் என்ஜினில் இதைச் சாதிக்கத் தனியாக எடைகளைச் சுற்றவிட வேண்டும். இங்கே அமைப்பிலேயே அது இருக்கிறது.

ஓட்டும்போது? நூறில் போகும்போது என்ஜின் நடந்துகொண்டிருப்பது போலத்தான் சத்தம். லாரியை முந்த வேண்டுமா? ஆக்ஸிலரேட்டரை ஒரு அங்குலம் அழுத்தினால் போதும். இரைச்சல் இல்லை, துள்ளல் இல்லை. லாரி பின்னால் போய்விடும். ஸ்போர்ட்ஸ் கார் உங்களை உசுப்பேற்றும். இது அப்படியல்ல — தொலைதூரத்துக்கென்றே செய்தது. நானூறு கிலோமீட்டருக்குப் பிறகும் இறங்கி நேராக ஒரு மீட்டிங்கில் போய் உட்காரலாம். பின் இருக்கையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அதைப் பற்றிப் பிறகு.

இந்த வண்டியில் போன மாதம் ஒரு ரிப்பேர். என்ஜினை வண்டியோடு பிணைத்திருக்கும் மவுண்ட் — ரப்பரும் உலோகமும் சேர்ந்த ஒரு தாங்கி — இரண்டில் ஒன்றிலிருந்து எண்ணெய் கசிந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில், "வெளிநாட்டிலிருந்து வரணும் சார். எப்ப வரும்னு உறுதியாச் சொல்ல முடியாது" என்றார்கள்.

நிவேதாவுக்கு இது முதல் பிரசவம். இந்த மாதக் கடைசியில் தேதி. நீண்ட பயணம் வேண்டாம் என்று டாக்டர் தடுத்துவிட்டதால் மகள் அம்மா வீட்டுக்கு வர முடியாது. அம்மாதான் போக வேண்டும். பார்ட் எப்போது வரும் என்று தெரியாமல் இருந்தால் எப்படி?

சாமியப்பன் சர்வீஸ் மேனேஜரிடம் சொன்ன வார்த்தைகள் இவை: "விடுங்க சார். நானே பண்ணிக்கிறேன்."

கோயமுத்தூரைத் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே ஒரு பொருளைக் கடையில் வாங்கினேன் என்று சொல்வதற்கு மனிதர்கள் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். பண்ணினேன் என்று சொல்லும்போது நெஞ்சு நிமிரும். லேத் இருக்கிறது, ஃபவுண்டரி இருக்கிறது, அப்புறம் எதற்கு ஜெர்மனிக்குப் போன்?

இரண்டு பக்கத்துக்குமே புதிதாக உலோகப் பாகங்களைச் சொந்த ஷெட்டில் கடைந்தார். ரப்பருக்குப் பெருந்துறையில் ஒரு நண்பரைக் கூப்பிட்டார். அந்த உரையாடல் நடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"எவ்வளவு கெட்டியா வேணுமுங்க?"

"லாரிக்குப் போடறதைப் போட்டுக் குடுங்க."

"காருன்னு சொன்னீங்க?"

"காருதானுங்க. ஆனா இனி ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது. பழசுல உள்ளாற என்னமோ எண்ணெய் ஊத்தி வெச்சிருக்கான். ஆறு சிலிண்டரு, தானாவே பேலன்ஸு. அதுக்கு எதுக்குங்க எண்ணெய்?"

அந்தத் தாங்கிகளைத்தான் இப்போது, ஞாயிறு காலையில், செயின் பிளாக்கில் என்ஜினைத் தூக்கிப் பிடித்துப் பொருத்திக்கொண்டிருந்தார். வெளியே வந்து கையைத் துடைத்தார். முகத்தில் அப்படியொரு பெருமை.

"ரெண்டும் போட்டாச்சுங்க. இனி பூகம்பமே வந்தாலும் என்ஜின் அசையாது."

ஏழு மணிக்கு பூங்கொடி வந்தார். வெள்ளோட்டம் பெருந்துறை வரை என்று முடிவு. முன் இருக்கையை மடக்கி என்னைப் பின்னால் அனுப்பினார்கள். அங்கே ஒரு ஆளுக்கும் ஒரு தேங்காய்ப் பைக்கும் இடையில் ஏதோ ஒன்றுக்குத்தான் இடமிருக்கிறது. முழங்கால் தாடையைத் தொட, தலை கண்ணாடியைத் தொட... சரி, அது கிடக்கட்டும்.

ஸ்டார்ட் செய்தார். எனக்கு உடனே தெரிந்தது. இருக்கை நடுங்கியது. கதவுக் கைப்பிடி நடுங்கியது. பூங்கொடியின் கண்ணாடி வளையல்கள் மெல்லிய சத்தம் எழுப்பின. ஓடும்போது கொஞ்சம் குறைந்தது. சிக்னலில் நின்றதும் திரும்ப வந்தது. பூங்கொடி இரண்டு கைகளாலும் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நீலாம்பூர் தாண்டியதும், "ஏனுங்க... கொஞ்சம் அக்கட்டால, ஓரமா நிறுத்துங்க."

இறங்கி, ஒரு வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். சாமியப்பன் தண்ணீர் பாட்டிலுடன் ஓடினார்.

"என்ன புள்ள, ரோட்டுல பள்ளமா?"

"ரோடு நல்லாத்தான் இருக்குது. வண்டிதான் நம்ம மோட்டார் ரூமாட்டம் இருக்குது."

"புதுசுல அப்படித்தான். இப்பத்தான் ஸ்ட்ராங்கா இருக்கு."

"ஸ்ட்ராங்கா மோட்டார் இறக்கறதுக்கு நான் என்ன போர்வெல்லுங்களா?"

நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். சிரிக்கிற நேரமா அது? இல்லைதான். ஆனாலும்...

பூங்கொடி கண்ணைத் திறந்து கணவரைப் பார்த்தார். "பழைய மாதிரி பண்ணிக் குடுங்க. இல்லீன்னா நான் இங்கிருந்து நடந்தே போறனுங்க பெங்களூரு. புள்ள பொறந்தப்புறம் பழம் வாங்கீட்டுப் போயி பாக்கறதுக்கு நான் என்ன விருந்தாளியா?"

இதை அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் சாமியப்பன் உடனே வண்டியைத் திருப்பினார்.

பூங்கொடியைப் பக்கத்திலிருந்த அவருடைய தங்கை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் ஷெட்டுக்குத் திரும்பினோம். சாமியப்பன் நேராகப் பழைய மவுண்டை எடுத்தார். கசியாமல் நல்ல நிலையில் இருந்ததை. கட்டிங் மெஷினில் வைத்து நிதானமாக இரண்டாக அறுத்தார். கருத்த திரவம் கொஞ்சம் வழிந்தது. உள்ளே இரண்டு அறைகள். இரண்டுக்கும் நடுவே வளைந்து போகும் ஒரு குறுகலான வழி. என்ஜின் உதறினால் மேல் அறையிலிருந்து திரவம் அந்தச் சந்து வழியாக நெருக்கியடித்துக்கொண்டு கீழே போகும். உதறல் அங்கேயே செத்துவிடும்.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ரிப்போர்ட்டருங்க, குழாயில தண்ணியை நெருக்கித் தள்ளறது... நம்ம பொழப்பே இதுதானுங்களே! நம்ம பொழப்பைத்தான் எண்ணெய்னு கழட்டிப் போட்டுட்டேன்."

"ஆறு சிலிண்டர் தானாகவே பேலன்ஸ் என்றீர்களே?"

"பிஸ்டன் ஏறி எறங்கறது பேலன்ஸுதானுங்க. ஆனா ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்குது பாருங்க. ஒவ்வொரு வெடிக்கும் ஷாஃப்ட் ஒரு பக்கம் திருகும், என்ஜின் மறுபக்கம் திமிரும். நான் முப்பது வருசமா கரண்ட் மோட்டாரு பண்றவன். கரண்டுல ஏதுங்க வெடி? டெஸ்ட் பண்றப்ப போல்ட்டைப் போட்டு இறுக்கினா மோட்டார் சாதுவா நிக்கும். அதே நெனப்புல இதையும் கட்டிப்போட்டேன்."

விஷயம் இவ்வளவுதான். அவர் செய்த பாகத்தில் ஒரு குறையும் இல்லை. அளவு சுத்தம், வேலை சுத்தம். தேவைக்கு மேல் உறுதி — அதுதான் தப்பு. வேறு ஊர்க்காரர் என்றால் மட்டமாகச் செய்து மாட்டியிருப்பார். எங்கள் ஊர்க்காரர் அளவுக்கு மீறி நன்றாகச் செய்து மாட்டிக்கொள்வார்.

இனி என்ன? திரவம் ஊற்றி இன்னொன்று பண்ணிப் பார்ப்பாரோ என்று பயந்தேன். அவர் பார்வை ஒரு கணம் லேத் பக்கம் போனது உண்மை. பிறகு போனை எடுத்தார்.

சர்வீஸ் மேனேஜர் மறக்கிற ஆள் இல்லை. "நீங்களே பண்ணிக்கிறேன்னு சொன்னீங்களே சார்?"

"சொன்னனுங்க. பண்ணியும்போட்டனுங்க. இப்ப உங்க பார்ட்டை வரவழைங்க. ரெண்டு பக்கத்துக்கும்."

அடுத்து வந்த நாட்களில் சாமியப்பன் கம்பெனியில் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. தினம் காலை எட்டு மணிக்கு அந்த மேனேஜருக்குப் போன் செய்தார் என்பது மட்டும் தெரியும். பூங்கொடி துணிகளைப் பெட்டியில் அடுக்கி, பெட்டியை வாசற்கதவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். வீட்டுக்குள் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். சாமியப்பனும் தினம் தாண்டினார்.

வெள்ளிக்கிழமை பார்ட் வந்தது. சனிக்கிழமை வண்டியை சர்வீஸ் சென்டரில் விட்டார். நானும் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கஸ்டமர் லவுஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஏசி, சோபா, மெஷின் காபி. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய கார் லிஃப்டில் தொங்கியது. யாரோ ஸ்பேனர் போட, இவர் கை தானாகத் திருகியது.

"உள்ளே போய்ச் சொல்லித்தரலாமே?" என்றேன்.

"சும்மா இருங்க ரிப்போர்ட்டருங்க. ஒண்ணும் பண்ணாம உக்காந்திருக்கறதுதான் இன்னைக்கு என் வேலை. எவ்வளவு கஷ்டமா இருக்கு தெரியுமுங்களா?"

மதியம் பூங்கொடி வந்து ஏறினார். ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே விட்டார் சாமியப்பன். மனைவியின் முகத்தையே பார்த்தார். பூங்கொடி கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். டாஷ்போர்டைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

"பண்ணியாச்சு புள்ள."

நான் பல கார் விளம்பரங்களைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அதிகாரம், ஆளுமை, அந்தஸ்து என்று பெரிய பெரிய வார்த்தைகள். ஓடுவது தெரியாமல் ஓடுவதுதான் இந்த வண்டியின் முழுப் பெருமையும் என்று ஒருவரும் எழுதியதாக ஞாபகம் இல்லை.

ஞாயிறு விடியலில் கிளம்பினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மகள் வீட்டில்.

பெண் குழந்தை, வியாழக்கிழமை மதியம் பிறந்தது. நர்ஸ் வெளியே எடுத்து வந்து முதலில் பூங்கொடியின் கையில் கொடுத்தார்.