பத்தாவது சிப்பி

போன கிழமை மகனிடமிருந்து கடிதம் வந்தது. கொழும்பில் ஒரு வெள்ளைக்காரக் கொம்பனியில் கிளாக்காக இருக்கிறானே, அவன்தான். முன்பும் நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தியில் வந்து என்னிடம் திட்டு வாங்கியவன். இந்தமுறை சுகம் விசாரிப்பதற்கு முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டான். சேர்த்துவைத்த சம்பளத்தை றப்பர் ஷெயரில் போடப்போகிறானாம். 'இது ஸ்பெகுலேஷன்தான் அப்பா, ஆனால் கொழும்பே போடுகிறது' என்று எழுதியிருந்தான். எங்கள் சம்மதம் வேண்டுமாம்.

நான் உரக்க வாசித்தேன். மனைவி பிலோமினா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, அதென்ன ஸ்பெகுலேஷன்?"

அலுமாரியிலிருந்து அகராதியை எடுத்தேன். அது இரண்டு அர்த்தம் சொல்லிற்று. ஒன்று, நிச்சயமாகத் தெரியாத விஷயத்தைப் பற்றி உட்கார்ந்து யோசிப்பது. மற்றது, நிச்சயமாகத் தெரியாத விஷயத்தில் காசைப் போடுவது. முதலாவதைச் செய்கிறவன் பண்டிதன். இரண்டாவதைச் செய்கிறவன் முதலாளி... அல்லது பரதேசி! இதையெல்லாம் இவளுக்கு எப்படி விளக்குவது?

"உள்ளுக்க என்ன இருக்குதெண்டு தெரியாமல் ஒரு சாமானை வாங்கிறது" என்றேன்.

"ஓ... சிப்பி" என்றாள். கீரையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அகராதியை மூடிவிட்டேன். வேறென்ன செய்ய?

பல வருஷத்துக்கு முந்திய கதை அது. அப்போது சிலாவத்துறைக் கரையில் முத்துக்குளிப்பு நடந்துகொண்டிருந்தது. நான் ஏலக் கொட்டகையில் பெயர் எழுதும் கிளாக். மூடிய சிப்பியை மலைமலையாகக் குவித்து கவர்மெண்ட் ஏலம் போடும். ஒன்றைக்கூடத் திறந்து பார்க்க விடமாட்டார்கள். எடுத்தவர் அதை அழுகவிட்டு, கழுவி, அரித்துப் பார்த்த பிறகுதான் தான் ராஜாவா மடையனா என்று தெரிந்துகொள்வார். எத்தனை பெரிய மனிதர்கள் அந்தக் கொட்டகையில் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார்கள் தெரியுமா? வைரக் கடுக்கன் போட்டவர்கள்கூட அந்த நேரத்தில் சின்னப் பிள்ளைகள் போலத்தான் இருந்தார்கள்.

குளிகாரருக்குக் கூலியும் சிப்பிதான். தங்கள் பங்கை அவர்கள் வழியிலேயே சில்லறையாக விற்பார்கள். நானும் ஆசைப்பட்டுப் பத்துச் சிப்பி வாங்கினேன். லேஞ்சியில் முடிந்துகொண்டு, சனிக்கிழமை வள்ளமேறி உப்புக்குளத்து வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் கரையில் ஒரு பழக்கம் உண்டு. சிப்பி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளின் பேரைச் சொல்லித்தான் கத்தி வைப்பார்கள். முத்து வந்தால் அது அந்த ஆளின் அதிர்ஷ்டம். பிலோமினா சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். முதலாவது மாதாவுக்கு. பிறகு எனக்கு, தனக்கு, பேசாலையில் இருக்கும் அண்ணன்மாருக்கு... எல்லாம் வெறும் சதை. ஒன்பதாவதில் மட்டும் கடுகளவு ஒரு முத்து இருந்தது. யார் பேரில் என்கிறீர்கள்? என் மாமியார் பேரில்! அந்த மனுஷி சாகும்வரை அதைச் சொல்லிக்காட்டி என்னை ஒரு வழி பண்ணிவிட்டார்.

பத்தாவதைக் கையில் எடுத்தாள். "இது வயித்தில இருக்கிறவருக்கு" என்றாள். கத்தியை வைத்தாள். அழுத்தவில்லை.

"என்ன?"

"நான் திறக்கமாட்டன்."

"ஏனப்பா?"

"இல்லையெண்டா?"

அதற்கு முன் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. இரண்டும் நாற்பது நாள் காணவில்லை. அதைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசுவதே இல்லை. அன்றைக்கும் பேசவில்லை. அவள் பாட்டுக்குச் சிப்பியை நூலால் இறுக்கச் சுற்றினாள், தானாகக்கூட அது வாய் திறந்துவிடக் கூடாதென்று.

அடுத்த சனிக்கிழமை வந்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சிலாவத்துறையில் லட்சக்கணக்கான சிப்பி அழுகிற காற்றைக் குடித்துவிட்டு வருகிறவனுக்கு எது மணக்கும்? பக்கத்து வீட்டுக் கதீஜா உம்மாதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, உங்கட வீட்டில எலி கிலி செத்துக் கிடக்குதா? ஒருக்காப் பாருங்கோவன்."

எலி இல்லை உம்மா, என் மனைவியின் ஸ்பெகுலேஷன்! மீன் பொரிக்கிற மணத்துக்கே சத்தி எடுக்கிற மாசமாயிருந்த மனுஷி, அந்த நாற்றத்தை அடுப்படியில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை சமைத்திருக்கிறாள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்குகிறது.

விஷயத்தைச் சொன்னேன். கதீஜா உம்மா உள்ளே போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் மண்முட்டி, மறு கையில் பிசைந்த களிமண். பிலோமினாவிடம் நீட்டினார்.

"இதுக்குள்ள போட்டு வாயில மண்ணைப் பூசி வை புள்ள. திறக்காதே. மிச்சத்த அல்லாஹ் பாத்துக்குவான்."

அன்றிலிருந்து அந்த முட்டி எங்கள் கொல்லையிலே, வீட்டுக்குள் இருக்கும் மாதா படத்துக்கு நேரே. மழைக்கு மண் கரைந்தால் இரண்டு பெண்களும் சேர்ந்து திரும்பப் பூசுவார்கள். நாலு மாதம்!

ஆடியில் ஆண்பிள்ளை பிறந்தது. நான் நாட்களை விரல்விட்டு எண்ணினேன். முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது... நாற்பதாம் நாள் விடிய, பிள்ளை வீடு அதிரக் கத்திக்கொண்டிருந்தான். நான் முட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"இனிப் பயமில்லைத்தானே? ஒருக்காக் கழுவிப் பாப்பம்."

"என்னத்தைப் பாக்கிறது? என்ர முத்து இஞ்ச கத்திக்கொண்டு கிடக்குது" என்றாள்.

முட்டியைப் பிடுங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். பூசிய மண் பூசியபடி தண்ணீரில் போட்டாள். அதற்குள் முத்து இருந்ததா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒருவேளை பெரியதாக ஒன்று இருந்திருந்தால்...? இப்படி நான் அவ்வப்போது உட்கார்ந்து யோசிப்பதுண்டு. அகராதியின் முதலாவது அர்த்தம்!

கீரை ஆய்ந்து முடிந்தது. "அப்ப மகனுக்கு என்ன எழுத?" என்று கேட்டேன்.

"போடட்டும். ஆனா, அழுகி நாறினாலும் அதை அடுப்படியில வைச்சுக்கொண்டு சோறு சமைக்கக்கூடிய அளவுக்கு மட்டும் போடச் சொல்லுங்கோ."

அப்படியே எழுதினேன். அடியில் என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன்: 'உன் அம்மா வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் ஸ்பெகுலேஷன் செய்தாள் மகனே. அதில் வந்த லாபம்தான் இப்போது இந்தக் கடிதத்தை வாசித்துக்கொண்டிருக்கிறது.'